3 மில்லிமீட்டர் புல்: கோல்ஃப் மைதானத்தைப் பார்த்துக்கொள்வதும் அதில் ஆடுவதும்

கோல்ஃப் பந்து கடைசியாக உருண்டுபோய் குழிக்குள் விழுகிற திட்டில் புல்லின் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர். தீக்குச்சியின் தடிமனைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அந்த உயரத்தில் ஒரு செடி உயிரோடு இருப்பதே பெரிய காரியம். இலை அத்தனை சிறியதாக இருந்தால் அது வெயிலில் தயாரித்துக்கொள்ளும் உணவும் குறைவு. உணவு குறைந்தால் வேர் ஆழம் போகாது. வேர் மேலோடு நின்றுவிட்டால் ஒரு மதிய வெயிலுக்கே புல் துவண்டுவிடும். இப்படி இழுபறியில் பிழைத்துக்கொண்டிருக்கும் புல்லின் மேல்தான் நாள் முழுக்க நூறு பேர் நடக்கிறார்கள், உயரத்திலிருந்து பந்தைப் போடுகிறார்கள், கொடிக்கம்பைப் பிடுங்கிச் செருகுகிறார்கள்.

கோல்ஃபுக்குப் புதிதாக வருகிறவரிடம் முதல் நாளே ஒரு நீளமான பட்டியலை ஒப்பிப்பார்கள். இங்கே மிதிக்காதே, அங்கே பையை வைக்காதே, மணலைச் சமன் செய், வண்டியை அந்தப் பக்கம் ஓட்டாதே. கனவான்கள் ஆட்டமாம், அதனால்தான் இத்தனை சம்பிரதாயம் என்று தோன்றும். உண்மையில் அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் புல் எப்படி வளர்கிறது, எதனால் சாகிறது என்பதிலிருந்து வந்தவை. காரணம் புரிந்துவிட்டால் மனப்பாடம் தேவையில்லை.

ஒரே குழி, பல தரைகள்

ஆட்டம் தொடங்கும் இடம் டீ. அங்கே புல் 8 முதல் 12 மில்லிமீட்டர். அதிலிருந்து குழி இருக்கும் திசையில் நீண்டு கிடக்கும் நல்ல புல்வெளி ஃபேர்வே. 10 முதல் 15 மில்லிமீட்டர். அதன் இருபுறமும் வேண்டுமென்றே வளரவிட்ட புல் ரஃப். 40 மில்லிமீட்டரில் தொடங்கி, மைதானத்தின் குணத்தைப் பொறுத்து எவ்வளவு வேண்டுமானாலும் போகும். நடுநடுவே மணல் நிரப்பிய பள்ளங்கள், அதாவது பங்கர்கள். முடிவில், குழி இருக்கும் அந்த 3 மில்லிமீட்டர் புல் திட்டு. அதுதான் கிரீன். 18 குழிகள் கொண்ட முழு மைதானத்துக்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். அதில் எல்லா கிரீன்களையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 3 ஏக்கர்தான். ஆனால் பார் 72, அதாவது நல்ல ஆட்டக்காரர் 72 முறை பந்தை அடித்து முடிக்க வேண்டிய ஆட்டத்தில் 36 அடிகள், குழிக்கு இரண்டு வீதம், கிரீன் மேல் பந்தை உருட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. பராமரிப்பு ஆட்களின் நேரமும் கவலையும் அந்த 3 ஏக்கரில்தான் கொட்டப்படுகின்றன.

கிரீனுக்குள் என்ன இருக்கிறது

மேலே பார்த்தால் பச்சைக் கம்பளம். வெட்டிப் பார்த்தால் அது ஒரு வடிகட்டி. அமெரிக்க கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ. 1960-ல் வெளியிட்ட முறைதான் இன்றும் பல நாடுகளில் அடிப்படை. அடியில் வடிகால் குழாய்கள், அவற்றின் மேல் 10 செ.மீ. சரளைக்கல், அதற்கு மேல் 30 செ.மீ. மணல் கலவை, அதில் புல். ஏன் மணல்? களிமண்ணை மிதித்தால் துகள்கள் இறுகி இடையிலுள்ள காற்று வெளியேறிவிடும், வேர் மூச்சு முட்டிச் சாகும். மணல் அத்தனை எளிதில் இறுகாது. இன்னொரு நுட்பமும் உண்டு. நுண்ணிய மணலிலிருந்து பெரிய கல்லுக்குள் தண்ணீர் சுலபமாக இறங்காது. மணல் நிறையும்வரை எல்லைக்கோட்டிலேயே தங்கி நிற்கும், நிறைந்த பிறகு மடமடவென்று வடியும். அதனால் வெயில் நாளில் வேருக்கு ஈரம் கிடைக்கிறது, மழை நாளில் குளம் கட்டுவதில்லை.

புல் வகை தட்பவெப்பத்தைப் பொறுத்தது. குளிர்ந்த இடங்களில் பென்ட் புல், வெப்பமான இடங்களில் குட்டையாக வளரும் பெர்முடா ரகங்கள் (நம் அருகம்புல்லின் உறவுதான்), பாசன நீர் உப்பாக இருக்கும் கடலோரங்களில் பாஸ்பாலம்.

விடியற்காலை வேலை

முதல் ஆட்டக்காரர் வருவதற்குள் கிரீன்களில் ஒரு சுற்று வேலை முடிந்திருக்கும். முதலில் பனித்துளியை விரட்டுவது. நீளமான கழியையோ ரப்பர் குழாயையோ புல்லின் மேல் இழுத்துக்கொண்டு போவார்கள். அழகுக்காக அல்ல. இலை நுனியில் நிற்கும் துளிகளில் செடியே கசியவிட்ட சர்க்கரைச் சத்தும் கலந்திருக்கும். இரவு முழுக்க நனைந்து கிடக்கும் இலை பூஞ்சைக்கு விருந்து. வட்ட வட்டமாக நாணய அளவில் வெளுத்துப்போகும் 'டாலர் ஸ்பாட்' நோய் இப்படித்தான் பிடிக்கிறது.

பிறகு வெட்டு. வீட்டுத் தோட்டத்தில் ஓடும் மவர், விசிறிபோல் சுற்றும் கத்தியால் புல்லை அடித்து அறுக்கும். கிரீனில் ஓடுவது ரீல் மவர்: உருளையாகச் சுற்றும் வளைந்த கத்திகள், அடியில் அசையாமல் நிற்கும் ஒரு நேர்க்கத்தி. இரண்டுக்கும் நடுவே சிக்கும் புல் கத்தரிக்கோலில் வெட்டியதுபோல் நறுக்கென்று துண்டாகும். கத்தி மழுங்கினால் நுனி கிழியும். மறுநாள் கிரீன் முழுக்க வெளிறிய சாயல் தெரியும், கிழிந்த இடம் வழியாக நோய் நுழையும். ஒரு தடவையில் இலை உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது புல் வளர்ப்பின் பால பாடம். 3 மில்லிமீட்டர் புல்லுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தினமும் ஏன் வெட்ட வேண்டியிருக்கிறது என்பது விளங்கும். வெட்டும் திசையையும் நாளுக்கு நாள் மாற்றுவார்கள். ஒரே திசையில் ஓட்டினால் புல் அந்தப் பக்கமே படுத்துப் பழகி, உருளும் பந்தையும் தன் பக்கம் இழுக்கும்.

அடுத்து குழியை இடம் மாற்றுவது. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், அதாவது நாலேகால் அங்குலம். ஸ்காட்லாந்தின் மஸல்பர்க்கில் 1829-ல் செய்த குழிவெட்டியின் அளவு அது. 1891-ல் கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ சங்கம் அதையே எல்லோருக்குமான அளவாக்கியது. குழிவெட்டி என்பது கூரான விளிம்புள்ள எஃகுக் குழாய். புது இடத்தில் செங்குத்தாக இறக்கி, திருகி, மண்ணோடு புல்லை ஒரு உருளையாக எடுப்பார்கள். பழைய குழியிலிருந்த கப்பைக் கழற்றி, புதுக் குழியில் அதன் மேல்விளிம்பு தரைக்குக் கீழே குறைந்தது ஒரு அங்குலம் இருக்கும்படி பதிப்பார்கள். எடுத்த புல் உருளை பழைய குழியை மூடப் போகும். பார்க்கச் சுலபமான வேலை, கோட்டைவிடவும் சுலபம். உருளை ஒரு மயிரிழை மேலே நின்றாலும் அடுத்த நாள் மவர் அதன் உச்சியைச் சிரைத்துவிட்டுப் போகும், பழுப்பு வட்டம் மிஞ்சும். கீழே இறங்கினால் அந்தப் பள்ளத்தில் பட்டுக்கொள்ளும் பந்து திசை மாறும். சரியாக மூடி, ஓரங்களை விரலால் அழுத்தி, கொஞ்சம் தண்ணீர் விட்டால்தான் வேர் பிடிக்கும்.

தினமும் இடம் மாற்றக் காரணம் நீங்களும் நானும்தான். குழியைச் சுற்றியுள்ள இரண்டு மூன்று அடி வட்டத்தில் அன்று ஆடிய அத்தனை பேரின் கால்களும் பட்டிருக்கும். அந்த இடத்துக்கு ஓய்வு வேண்டும். பந்தைக் குழியிலிருந்து எடுக்கும்போது விளிம்பை ஒட்டி நிற்காதீர்கள், ஓரடி தள்ளி நின்று குனிந்து கையால் எடுங்கள் என்பதும் இதனால்தான். கிரீனில் பந்தை உருட்டும் கோலான பட்டரின் தலையால் பந்தை நெம்பி எடுக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. குழியின் உதடு பிய்ந்து, பின்னால் வருகிற எல்லோருக்கும் பந்து விளிம்பில் பட்டுத் திரும்பும்.

கிரீனின் வேகத்தை அளக்க ஸ்டிம்ப்மீட்டர் என்றொரு கருவி இருக்கிறது. 1935-ல் அமெரிக்காவின் ஓக்மான்ட் மைதானத்தில் நடந்த யு.எஸ். ஓப்பன் போட்டியில் கிரீன்கள் கண்ணாடிபோல் வழுக்குவதைப் பார்த்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன் மரத்தில் செய்தது. இன்றுள்ளது அலுமினியத்தில், மூன்றடி நீளம், நடுவே பள்ளம். ஒரு முனையைத் தரையில் வைத்து மறுமுனையை மெல்ல உயர்த்தினால் சுமார் 20 பாகைச் சாய்வில் பந்து தானே விடுபட்டு உருளும். ஒரு திசையில் மூன்று, எதிர்த் திசையில் மூன்று உருட்டி, எத்தனை அடி போயின என்று சராசரி எடுப்பார்கள். சாதாரண நாளில் 8 முதல் 10 நல்ல கிரீன். பெரிய போட்டிகளில் 12-ஐத் தாண்டும். ஒவ்வொரு உறுப்பினரும் கிரீன் இன்னும் வேகமாக வேண்டும் என்று கேட்பார். அதற்குக் கொடுக்கும் விலை புல்லின் ஆயுள்.

துளை போட்டுவிட்டார்களே என்று கோபப்படாதீர்கள்

ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை, அருமையாக இருந்த கிரீன் முழுக்கத் துளைகளாகக் கிடக்கும். மேலே மணல் வேறு கொட்டியிருக்கும். ஆட்டக்காரர்கள் அதிகம் சபிக்கும் வேலை இது. உதிர்ந்த தண்டும் வேரும் மட்காமல் சேர்ந்து, புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே பஞ்சு மெத்தைபோல் ஓர் அடுக்கு உருவாகும், தாட்ச் என்பார்கள். கொஞ்சம் இருந்தால் நல்லது, விழும் பந்தைத் தாங்கும். அரை அங்குலத்தைத் தாண்டினால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு வேரை அழுகவிடும். அதனால் உள்ளீடற்ற எஃகுக் குச்சிகளை மூன்று நான்கு அங்குலம் இறக்கி, மண் உருளைகளைப் பிடுங்கி அப்புறப்படுத்தி, துளைகளை உலர்ந்த மணலால் நிரப்புவார்கள். காற்று உள்ளே போகும், புது வேர் அந்த மணல் வழியாகவே இறங்கும். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அதன் பராமரிப்பாளர் ஓல்ட் டாம் மாரிஸ் கிரீனுக்கு மணல் போடுவதைப் பழக்கமாக்கியவர். சில வாரங்கள் பொறுத்தால் போதும். ஒன்று கவனியுங்கள்: இந்தத் துளைகளை விதிப்படி 'சேதம்' என்று சொல்லி உங்கள் வழியில் இருப்பதை அழுத்திச் சமன் செய்ய முடியாது. போட்டிக் குழு தனியாக உள்ளூர் விதி போட்டிருந்தால் பந்தை நகர்த்திக்கொள்ளலாம்.

பிட்ச் மார்க்: ஒரே நிமிட வேலை

கற்றுக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்றே ஒன்று என்றால் இதைச் சொல்லலாம். 46 கிராம் பந்து உயரத்திலிருந்து கிரீனில் இறங்கும்போது ஒரு சின்னக் கிண்ணம்போல் பள்ளம் விழும். ஒரு சுற்றில் ஒருவர் ஆறு பள்ளம் போடுவதாக வைத்துக்கொண்டால், நூறு பேர் ஆடும் நாளில் அறுநூறு. உடனே சரிசெய்த பள்ளம் சில நாளில் மறைந்துவிடும். விட்டுவிட்ட பள்ளத்தில் அழுந்திய புல் காய்ந்து, ஆற வாரங்கள் ஆகும். அதுவரை யாருடைய பந்தும் அதில் துள்ளும்.

இரண்டு பல் உள்ள சின்ன ஃபோர்க் போதும். முதல் அடிக்குப் பந்தைத் தாங்க வைக்கும் மரத்தாலான டீ குச்சியும் ஆகும். பள்ளத்தின் விளிம்புக்குச் சற்று வெளியே, நல்ல புல்லில் பற்களை இறக்குங்கள். கைப்பிடியைப் பள்ளத்தின் நடுவை நோக்கிச் சாய்த்துவிடுங்கள். ஓரத்துப் புல் உள்ளே நகரும். பந்து ஒதுக்கித் தள்ளிய புல் குவிந்திருக்கும் பக்கத்தில் முதலில் தொடங்கி, சுற்றிலும் நான்கைந்து இடங்களில் இதையே செய்யுங்கள். காயத்தின் இரு ஓரங்களையும் சேர்த்துத் தைப்பது போலத்தான். நடு மூடியதும் பட்டரின் அடியால் மெதுவாகத் தட்டினால் முடிந்தது.

பெரும்பாலானோர் செய்யும் தவறு நல்லெண்ணத்தில் வருவது: ஃபோர்க்கைப் பள்ளத்துக்கு அடியில் விட்டு நெம்பி மேலே தூக்குவார்கள். பார்க்க மட்டமாகிவிடும். ஆனால் அடியில் வேர் அறுந்து, கீழ் மண் மேலே வந்து, இரண்டு நாளில் அங்கே பழுப்புத் திட்டு தெரியும். இப்படிச் சரிசெய்வதற்குச் சும்மா விட்டிருக்கலாம். இன்னொரு செய்தி: 2019-ல் விதிகள் மாறிய பிறகு பந்து விழுந்த பள்ளத்தோடு, ஷூ ஆணித் தடங்களையும் கிரீனில் ஆடும் முன்பே சரிசெய்யலாம். கை வைக்கத் தயங்க வேண்டாம். உங்களுடையதைச் சரிசெய்துவிட்டு, பக்கத்தில் கிடக்கும் இன்னொன்றையும் பாருங்கள்.

கிரீனில் மற்றவை சுருக்கமாக. அடுத்தவர் பந்துக்கும் குழிக்கும் நடுவிலுள்ள நேர்க்கோட்டில் கால் வைக்காதீர்கள். தாண்டிப் போங்கள் அல்லது சுற்றிப் போங்கள். அவர் பட் செய்யும்போது உங்கள் நிழல் அந்தக் கோட்டில் விழ வேண்டாம். காலை இழுத்து நடக்காதீர்கள். பையைக் கிரீனுக்கு வெளியே, அடுத்த டீக்குப் போகும் பக்கத்தில் வையுங்கள். கொடிக்கம்பை எடுத்தால் வீசாமல் கிடத்துங்கள். திரும்பச் செருகும்போது நேராக இறக்குங்கள், சாய்த்துக் குத்தினால் குழியின் விளிம்பு கிழியும்.

டைவட்

ஃபேர்வேயில் இரும்புக் கோலால் சரியாக அடித்தால் பந்துக்கு முன்னே உள்ளங்கை அகலத்தில் ஒரு புல் வில்லை பறக்கும். அதுதான் டைவட். அது தவறான அடியின் அடையாளம் இல்லை. அடித்த பிறகு என்ன செய்வது என்பது புல்லைப் பொறுத்தது. பென்ட், ரை போன்ற குளிர்ப்பிரதேசப் புல்லில் வில்லை மண்ணோடு முழுசாக வந்தால், எடுத்து வந்து அதே திசையில் பொருத்தி, காலால் அழுத்திவிடுங்கள். வேர் காயும் முன் வைத்தால் பிழைக்கும். பெர்முடா புல்லில் வில்லை சிதறிப் போகும், ஒட்டவைத்தாலும் பெரும்பாலும் பிடிக்காது. ஆனால் அதன் தண்டுகள் தரைக்கு மேலும் கீழும் பக்கவாட்டில் ஓடுபவை. பள்ளத்தை மணலால் நிரப்பினால் ஓரங்களிலிருந்து அதுவே மூடிக்கொள்ளும். வண்டியில் மணல் பாட்டில் மாட்டியிருப்பது இதற்குத்தான். தரை மட்டத்துக்கு நிரப்பிக் காலால் சமப்படுத்துங்கள். கூம்பாகக் குவித்தால் மவரின் கத்தி மணலைக் கடித்து மழுங்கும்.

பயிற்சி மைதானத்தில் இதைவிட முக்கியமான ஒரு கணக்கு உண்டு. பந்துகளை இங்கொன்றும் அங்கொன்றுமாக வைத்து அடித்தால் ஒவ்வொரு அடிக்கும் முழு வில்லை புல் போகும். ஒரே இடத்தில் வைத்து அடித்தால் வட்டமாகப் பெரிய மொட்டைத் திட்டு விழும், நடுவில் மூடப் புல்லே இருக்காது. முதல் வில்லை எடுத்த இடத்துக்குச் சற்றுப் பின்னால் அடுத்த பந்து, அதற்குப் பின்னால் அடுத்தது என்று ஒரு நேர்க்கோடாக அடித்துக்கொண்டு போங்கள். ஒல்லியான கீற்றுதான் விழும். இரு பக்கமும் புல் இருப்பதால் சீக்கிரம் மூடும். செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்ட் கோர்ஸில் குளிர்காலத்தில் ஃபேர்வேயில் பந்தைச் சின்ன விரிப்பின் மேல் வைத்து அடிக்கச் சொல்வதும் புல் வளராத பருவத்தில் டைவட்டைத் தவிர்க்கத்தான்.

பங்கர்

தாழ்ந்த பக்கமாக இறங்கி அதே வழியில் ஏறுங்கள். செங்குத்தான முகப்பில் ஏறினால் மணல் சரிந்து கீழே குவியும், மேலே அடிமண்ணும் கல்லும் தலைகாட்டும். சரியான பங்கரில் தரையில் 10 முதல் 15 செ.மீ., சரிவில் 5 செ.மீ. அளவுக்குத்தான் மணல் இருக்கும். ஒரு ஆள் ஏறினாலே அந்தச் சரிவு மொட்டையாகிவிடும். இறங்கும்போதே மணலைச் சமன் செய்யும் ரேக்கைக் கையில் எடுத்துக்கொண்டு போனால் திரும்ப நடக்க வேண்டாம். அடித்த பிறகு, பந்து கிடந்த பள்ளத்தையும் காலடித் தடங்களையும் பின்னோக்கி நடந்தபடியே சமன் செய்து வெளியேறுங்கள். ஓரத்தில் மணலைக் குவித்து விட்டுவராதீர்கள். பந்து மணலில் இருக்கும்போது அடிக்கும் கோலால் மணலைத் தொட்டுப் பார்ப்பதும், ஒத்திகை வீச்சில் மணலைத் தொடுவதும் அபராதம். ரேக்கை எங்கே வைப்பது என்பதில் மைதானத்துக்கு மைதானம் வழக்கம் மாறும். வெளியே, பந்து வந்து மோத வாய்ப்பில்லாத இடத்தில் வைப்பது பொதுவான பரிந்துரை.

வண்டி, ஈரம், பனி

கார்ட் ஓட்டும்போது எப்போதும் தடத்திலேயே போய், பந்துக்கு நேராக வந்ததும் செங்கோணத்தில் திரும்பி ஃபேர்வேக்குள் போய், அடித்துவிட்டு அதே வழியில் தடத்துக்கு வாருங்கள் என்பார்கள். 90 டிகிரி விதி என்று பெயர். கிரீனுக்கும் டீக்கும் பத்து மீட்டர் நெருங்க வேண்டாம். மழைக்கு மறுநாள் வண்டிக்கே தடை போட்டால் முணுமுணுக்காதீர்கள்: ஈர மண் சக்கரத்தின் கீழ் செங்கல்போல் இறுகும், அந்தத் தடத்தில் மாதக்கணக்கில் புல் திணறும். கடும் வறட்சியிலும் இதே கதை. நடந்த காலடி நிமிராமல் அப்படியே பதிந்து தெரிந்தால் புல் தாகத்தில் இருக்கிறது என்று பொருள். அதன் மேல் வண்டி ஏறினால் சக்கர அகலத்தில் கருகும். உறைபனி விழுந்த காலையில் ஆட்டத்தைத் தள்ளிவைப்பதும் இதே காரணத்துக்காக. இலைக்குள்ளிருக்கும் நீர் பனிக்கட்டியாகியிருக்கும். மிதித்தால் செல்சுவர் உடையும். வெயில் ஏறியதும் ஷூ அளவில் கரும்பழுப்புத் தடங்கள் வரிசையாகத் தெரியும்.

இதை ஒட்டி ஒரு வார்த்தை: மைதானம் கொஞ்சம் பழுப்பாக இருப்பது குறையில்லை. ஆண்டுக்கொரு முறை டிவியில், மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் அமெரிக்க மைதானமான அகஸ்டாவைப் பார்த்துவிட்டு நம் மைதானம் ஏன் அப்படி இல்லை என்று கேட்பவர்கள் உலகெங்கும் உண்டு. கோடை முழுக்க மூடிவைக்கப்படும் மைதானம் அது. அளவுக்கு மீறித் தண்ணீர் விட்ட பச்சை மெத்தென்று இருக்கும். பிட்ச் மார்க் ஆழமாகும், நோய் பெருகும், பந்து உருளாது. இறுகிய, சற்றே காய்ந்த தரையில்தான் ஆட்டம் சுவை.

வேகமும் பாதுகாப்பும்

இவற்றில் புல் சம்பந்தம் இல்லை, ஆள் சம்பந்தம் உண்டு. முன்னால் போகும் குழு எட்டாத தூரத்துக்குப் போகும் வரை அடிக்காதீர்கள். பந்து யார் பக்கமாவது போனால் உடனே, தயங்காமல், 'ஃபோர்!' என்று உரக்கக் கத்துங்கள். அடிக்கிறவருக்கு நேர் பின்னாலும் அருகில் முன்னாலும் நிற்க வேண்டாம். உங்கள் முறை வந்தபின் 40 விநாடிக்குள் அடிக்கச் சொல்கிறது விதிநூல். காணாமல்போன பந்தைத் தேட முன்பு 5 நிமிடம். 2019 முதல் 3 நிமிடம்தான். நட்பு ஆட்டத்தில் தயாராக இருப்பவர் முதலில் அடிக்கலாம், தூரத்தில் இருப்பவர்தான் முதலில் என்று காத்திருக்கத் தேவையில்லை. பின்னால் வருபவர்கள் ஒவ்வொரு அடிக்கும் காத்து நிற்கிறார்கள் என்றால் ஒதுங்கி வழிவிடுங்கள். மதிப்பெண்ணைக் கிரீனிலேயே நின்று எழுதாமல் அடுத்த டீயில் எழுதுங்கள்.

கிரீனிலோ ஃபேர்வேயிலோ பராமரிப்பு ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தால் வழி அவர்களுடையது. மவர் இரைச்சலுக்காகக் காதை அடைத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கத்தும் 'ஃபோர்' அவர்களுக்குக் கேட்காது. அவர் நிமிர்ந்து உங்களைப் பார்த்து, இயந்திரத்தை ஓரம் ஒதுக்கி, கையசைக்கும் வரை கோலைப் பையிலேயே வைத்திருங்கள்.